சாமை விட்ட இடத்தில் குச்சிக்கிழங்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயப்பாளையம் தாண்டி, கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலைக்கு ஏறினால், சரிவுகளில் கண்ணில் படுவது மரவள்ளி. இந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. தோண்டிய கிழங்கு லாரி ஏறி சேகோ ஆலைக்குப் போகிறது. ஜவ்வரிசியாகி, பெரும்பங்கு வடக்கே போகிறது. மகாராஷ்டிரத்தில் விரத நாளில் கிளறும் கிச்சடிக்கு கல்வராயன் மலையில் நிலம் ஒதுக்கியிருக்கிறோம் என்று சொன்னாலும் தப்பில்லை.

கிழங்கு விளைவதில் குற்றமில்லை. சரிவில் விளைவதுதான் சிக்கல். குச்சிகளை இடைவெளி விட்டு நடுவதால், இலை விரிந்து நிலத்தை மூட இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை மழை நேராக மண்ணில் அடிக்கும். அறுவடையில் கிழங்கைப் பிடுங்கும்போது மண் மறுபடி கிளறப்படும். பெயர்ந்த மண் ஓடை வழியே கீழே இறங்க, அடிவாரத்தில் கோமுகி அணை நிற்கிறது.

சாமை அப்படியல்ல. நெருக்கமாக விதைக்கும் புல்லினப் பயிர். சல்லிவேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மழையை மட்டும் நம்பி மூன்று மாதத்தில் கதிர் தரும். இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் அன்றாடச் சோறு முன்பு இதுதான். பிறகு ஏன் விட்டார்கள்? அருகிலுள்ள கொல்லிமலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து சிறுதானியங்களோடு பணிபுரிந்து கண்டவற்றில், கிழங்கு தரும் காசும் ரேஷன் அரிசியும் முக்கியக் காரணங்கள். மூன்றாவது காரணத்தை நகரத்தில் யாரும் யோசிப்பதில்லை: உமி.

கேழ்வரகையும் கம்பையும் அப்படியே மாவாக்கலாம். சாமைக்கு வழவழப்பான கெட்டி உமி. வெயிலில் காயவைத்து, உரலில் இட்டு, உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். ஓங்கிக் குத்தினால் குருணை. மெல்லக் குத்தினால் உமி போகாது. ஒரு வேளைச் சோற்றுக்கே தோள் இற்றுப்போகும், அதுவும் பெண்களின் தோள். நெல் ஆலைக்குக் கொண்டுபோகலாமே என்றால், சாமை மணி நெல்லைவிட மிகச் சிறியது. நெல்லுக்கு அமைத்த உருளைகளின் இடைவெளியில் இது நழுவிவிடும். இலவச அரிசி வந்தபோது உலக்கையைச் சாத்தி வைத்தவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொல்லிமலையில் அந்த நிறுவனம் ஊருக்குள்ளேயே உமி நீக்கும் இயந்திரம் வைக்க முனைந்ததும் இதனால்தான்.

அரிசியின் கணக்கு வேறு. ஒரு கிலோ நெல்லுக்குச் சராசரியாக 2,500 லிட்டர் தண்ணீர் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. நீர் தேங்கிய வயல் மண்ணில் ஆக்சிஜன் இருக்காது. அங்கே மட்கும் தழையிலிருந்து நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றறைகளே அதை மேலே கடத்தும் குழாய். நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு வெப்பம் கூட்டும் வாயு இது. நீர் தேங்காத சாமைக் காட்டில் இந்த வேலை நடக்காது.

2018-இல் 'சயின்ஸ் அட்வான்சஸ்' இதழில் வந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் நெல்லுக்குப் பதில் அந்தந்த மாவட்டத்துக்கு ஏற்ற மக்காச்சோளம், கேழ்வரகு, கம்பு, சோளம் விதைத்தால் பாசன நீர்த் தேவை 33 சதவீதம் குறையலாம், தானியத்தில் கிடைக்கும் இரும்புச்சத்து 27 சதவீதம் கூடலாம் என்றது. சாமை அந்தப் பட்டியலில்கூட இல்லை. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. அதே ஆண்டு தமிழக அரசு நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. உமி இல்லாத தானியத்துக்கு முதல் வாசல் திறந்ததில் வியப்பில்லை.

மளிகைக் கடையில் பளபளவென்று வெளுத்த சாமையைப் பார்த்தால் எடுக்காதீர்கள். தவிட்டோடு சத்தும் போயிருக்கும். மங்கிய நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், அரை மணி நேரம் ஊறல். அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: உமி நீக்கும் இயந்திரம் மலைக்கு ஏறட்டும், ரேஷன் கடைக்குச் சாமை இறங்கட்டும்.