தமிழை ஒதுக்கியவர் யார்?

சாஸ்திரங்களைத் தமிழில் கற்பிக்கத் தக்க சொற்களை ஆக்கும் பொருட்டு, 1916-ம் வருஷத்தில் சேலத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் முதலியோர் ஒரு சங்கம் நிறுவினர். ஆங்கிலம் நன்கறிந்த வக்கீலுக்கே அவ்வளவு அக்கறை இருந்தது.

இன்று சேலத்தை அடுத்த ராசிபுரத்தில் பட்டுக்கடை ‘ஸில்க்ஸ்’ ஆகிவிட்டது. ரசீது ஆங்கிலத்தில் வருகிறது. பல பள்ளிக்கூடங்களில் கணக்கும் ஆங்கிலத்திலேயே போதிக்கப்படுகிறது.

1938-லும் 1965-லும் ஹிந்தித் திணிப்பை எதிர்த்துக் கிளர்ந்த நாடு இது. 1956-ல் தமிழை ஆட்சிமொழியாக்கச் சட்டமும் செய்தோம். ஆங்கிலமோ, நமது விருப்பத்தின் பேரிலேயே வீட்டினுள் புகுந்தது.

பிழைப்புக்காக ஆங்கிலம் கற்பதை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. ஆனால் உத்தியோகத்துக்கு வேண்டிய பாஷை அடுப்பங்கரைக்கும் கடைவீதிக்கும் எதற்கு? பிறர் திணிப்பதைக் கிளர்ச்சியால் தடுக்கலாம். நாமே கைவிட்டதை நாமேதான் மீட்க வேண்டும். ராசிபுரத்து வியாபாரிகள் நாளை முதல் ரசீதைத் தமிழில் எழுதத் தொடங்கட்டும்.