தசைநோயும் புரதத் திரட்சியும்

படியேறுங்கால் கால் தளர்ந்து நிற்பானொருவனைக் கண்டால், சோம்பேறி என்று நகைப்பார் பலர். அத்தளர்ச்சி சிலர்க்குத் தசையினுள்ளேயே தோன்றிய நோயாதல் கூடும் என்பதை அவர் எண்ணுவதில்லை. அத்தகைய நோயொன்றன் இயல்பினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

நம் தசைகள் நீண்ட உயிரணுக்களால் ஆயவை. ஒவ்வோர் உயிரணுவினுள்ளும், சுருங்கி விரியும் நுண்ணிழைகள் நிரல்பட அமைந்துள்ளன. அவை நிலைபிறழாவண்ணம் ஒன்றோடொன்று பிணித்து நிறுத்துவது டெஸ்மின் என்னும் புரதம். எப்புரதமும் தனக்குரிய வடிவில் அமைந்தாலன்றித் தன் தொழிலைச் செவ்வனே செய்யமாட்டாது. ஆதலின், வடிவு கெடும் புரதங்கள் ஒட்டித் திரளாமற் காக்கும் துணைப்புரதங்களும் உயிரணுவில் உள. அவற்றுள் ஒன்று ஆல்ஃபா-பி கிரிஸ்டலின். இது கண்ணின் வில்லையிலும் மிகுந்துள்ளது.

இக்காவலனே கெட்டால் யாதாகும்? 1998-ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்துக் குடும்பமொன்றை ஆராய்ந்தோர் இதற்கு விடை கண்டனர். இப்புரதம் 175 அமினோ அமிலங்கள் கோத்த மாலை போன்றது. அதன் 120-ஆம் இடத்தில் ஆர்ஜினின் இருத்தல் வேண்டும். அக்குடும்பத்தில் நோயுற்றார்க்கோ, அவ்விடத்தில் கிளைசின் இருந்தது. மாறியது ஒரு மணியே. எனினும், அதனால் காவலன் தானும் வடிவு திரிந்து, தான் காக்கவேண்டிய டெஸ்மினோடு சேர்ந்து கட்டியாய்த் திரண்டது.

இத்திரட்சியால் நுண்ணிழைகளின் ஒழுங்கு குலைகின்றது. பழுதுற்ற புரதங்களைச் சிதைத்தகற்றும் அமைப்பும் தடைப்படுகின்றது. கைகால்கள் வலிவிழக்கின்றன, இதயத்தசையும் நலிகின்றது, கண்ணில் புரையும் படர்கின்றது. தாய்தந்தையர் இருவரிடமிருந்தும் நாம் பெறும் இரு மரபணுப் படிகளுள் ஒன்று பழுதாயினும் இந்நோய்க்குப் போதும். நல்ல படி ஒன்று உடனிருந்தும் அது தடுக்கமாட்டாதது ஏன்? இங்கே கேடு நல்ல புரதம் குறைந்தமையால் மட்டும் விளைவதன்று. தீய புரதம் உடன் திரள்வதாலும் விளைவது. இதனால், நோயுற்றார் ஈன்ற மகவு ஒவ்வொன்றுக்கும் அப்பழுது சேரும் வாய்ப்புப் பாதியாம்.

திரட்சியைக் கரைத்து நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. ஆயினும், தசையிற் சிறு துணுக்கெடுத்து நுண்ணோக்கியால் ஆராய்ந்தும், மரபணுவைச் சோதித்தும் நோயைத் துணியலாம். துணிந்தபின், இதயத்தை இடையறாது கண்காணித்து, வேண்டுமிடத்து இதயமுடுக்கி பொருத்தி உயிரைக் காக்கலாம்.

ஆகவே, தளர்ந்து நடப்பவனை நகையாது, கைகொடுத்துத் தாங்கி, மருத்துவரிடம் ஆற்றுப்படுத்துதல் கற்றாராகிய நம் கடனன்றோ!