விளையாட்டைப் படைத்தவர் யார்?

விளையாட்டைப் பலரும் அறிவர். அதைப் படைத்தவரை அறிந்தோர் மிகச் சிலரே. பல்லாங்குழியையும் ஆடுபுலி ஆட்டத்தையும் நம் முன்னோர் பல தலைமுறைகளாக ஆடி வந்தனர். எனினும், அவற்றை முதலில் அமைத்தவர் யார் என்பது நமக்குத் தெரியாது.

பழைய விளையாட்டுகளுக்கு மட்டும் நேர்ந்த நிலை அன்று இது. ஜப்பான் நாட்டில் 1978 ஆம் ஆண்டு 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் காணொளி விளையாட்டு வெளிவந்தது. அதை உருவாக்கியவர் தோமோஹிரோ நிஷிகாடோ. அவருக்குப் பின் வந்த படைப்பாளர் பலர் தம் உண்மைப் பெயரைத் திரையில் காட்ட இயலாமல் புனைபெயரில் மறைந்து நின்றனர். திறமையுள்ளவர்களைப் போட்டி நிறுவனங்கள் அழைத்துக்கொள்ளும் என நிறுவனங்கள் அஞ்சியதே இதற்குக் காரணம். மேலும், காந்தத் தட்டுகளில் பதிவு செய்யப்பட்ட விளையாட்டுகள் நாளடைவில் அழியக்கூடியவை. ஆகவே, அவற்றைத் திரட்டிக் காப்பதற்கென்றே 2011 ஆம் ஆண்டில் தோக்கியோவில் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. முதிய படைப்பாளர்களை நேரில் கண்டு, அவர்தம் நினைவுகளைக் கேட்டு நூலாக்கியோரும் உளர்.

நாம் வாழும் கருநாடக மாநிலத்திலும் விளையாட்டுப் படைப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் ஓர் அரசர்! மைசூரு மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் 1794 ஆம் ஆண்டு பிறந்து, ஐந்தாம் வயதிலேயே அரியணை ஏறினார். 1831 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் ஆட்சிப் பொறுப்பைத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். அதன் பின்னர் மன்னர் கலைகளிலும் நூல்களிலும் விளையாட்டுகளிலும் மிகுந்த ஈடுபாடு காட்டினார். சதுரங்கக் குதிரை ஒவ்வொரு கட்டத்தையும் ஒரே ஒருமுறை மிதித்துப் பலகை முழுவதையும் சுற்றிவரும் புதிரில் அவர் வல்லவர். கையால் வண்ணம் தீட்டப்படும் 'கஞ்சிஃபா' என்னும் சீட்டாட்டத்தில் புதிய வகைகள் பலவற்றை அமைத்தார். அவற்றுள் ஒன்றற்கு 360 சீட்டுகள்!

மன்னர் தாம் அறிந்தவற்றைப் பதிவு செய்தும் வைத்தார். 'ஸ்ரீதத்துவநிதி' என்னும் ஓவியப் பெருநூல் ஒன்பது பகுதிகளைக் கொண்டது. அவற்றுள் ஒன்றாகிய 'கௌதுகநிதி' விளையாட்டுகளைப் பற்றியது. மைசூருவில் 1861 இல் கட்டப்பட்ட ஜகன்மோகன் அரண்மனையின் சுவர்களிலும் விளையாட்டுக் கட்டங்கள் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளன. இவ்வாறு பதிவு செய்ததனால்தான், அவர் காலத்து விளையாட்டுகளை இன்றும் ஆராய முடிகிறது.

அரசரிடம் ஓவியரும் நூலும் அரண்மனைச் சுவரும் இருந்தன. எளிய மக்களின் விளையாட்டுகளுக்கோ நினைவு ஒன்றே ஏடு. பல்லாங்குழிப் பலகையில் பதினான்கு குழிகள் உள்ளன. பார்ப்போர் எவரும் எண்ணிவிடலாம். ஆனால், ஒரு குழிக்கு எத்தனை முத்துகள் இட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்பவற்றைப் பலகை சொல்லாது. அம்முறைகள் ஊருக்கு ஊர் வேறுபடும். ஆடத் தெரிந்தவர் மறைந்தால், பலகை எஞ்சும்; ஆட்டம் எஞ்சாது.

மாணவர்களே! உங்கள் பெற்றோரோ பாட்டி தாத்தாவோ தமிழகத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து அடுகோடி போன்ற பகுதிகளுக்கு வந்தவர்கள். அவர்கள் சொந்த ஊரில் ஆடிய விளையாட்டுகளின் முறைகள் இன்னும் அவர்கள் நினைவில் இருக்கலாம். அவற்றைக் கேளுங்கள், ஆடிப் பாருங்கள், பின்னர் எழுதி வையுங்கள். விளையாட்டின் பெயர், ஆடுவோர் எண்ணிக்கை, விதிகள், ஊரின் பெயர் ஆகியவற்றோடு, அதைக் கற்றுத் தந்தவரின் பெயரையும் மறவாமல் குறியுங்கள். முதலில் படைத்தவரின் பெயரை நாம் இழந்துவிட்டோம். நம்மிடம் கொண்டுவந்து சேர்த்தவரின் பெயரையேனும் காப்போம்.