கூண்டுக்குள் யாரைச் சேர்ப்பது? வெள்ளைப்புலி, கலப்புச் சிங்கம்: சில குறிப்புகள்

வண்டலூரில் வெள்ளைப்புலியின் முன்னால் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது அக்கா மகள் கேட்டாள்: 'மாமா, இது எந்தக் காட்டுல இருக்கு?' இப்போது எந்தக் காட்டிலும் இல்லை என்றேன். 'அப்ப இங்க எப்படி வந்துச்சு?' அன்றைக்குச் சொல்ல வாய் வராத பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1951இல் ரீவா மகாராஜா பிடித்த வெள்ளைக்குட்டிக்குப் பெயர் மோகன். சாதாரணப் பெண்புலியோடு சேர்த்ததில் வழக்கமான நிறக் குட்டிகளே பிறந்தன. பிறகு அவற்றில் ஒன்றான ராதாவை, அதாவது சொந்த மகளையே, மோகனோடு சேர்த்தார்கள். 1958இல் நான்கு வெள்ளைக்குட்டிகள். அவற்றில் மோகினி 1960இல் வாஷிங்டனுக்கே போய்ச் சேர்ந்தது. வெள்ளைப்புலி தனி இனமல்ல. ஒரேயொரு மரபணுவின் மாற்றம், அதுவும் தாய் தகப்பன் இரு வழியிலும் வந்தால்தான் நிறம் வெளிறும். எனவே வெள்ளையைத் தக்கவைக்க ரத்த உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனார்கள். மாறுகண்ணும் பிற கோளாறுகளும் கூடவே வந்தன. 2011இல் அமெரிக்க விலங்குக்காட்சிசாலைகளின் சங்கம் தன் உறுப்பினர்கள் வெள்ளைப்புலியை இனப்பெருக்கம் செய்யக் கூடாதென்று தடுத்தது.

விலங்குக்காட்சிசாலைக்குள் ஓர் இனம் எப்படி நுழைகிறது? நம் நாட்டில் பெரும்பாலும் பரிமாற்றத்தில்தான்: நீ இதைக் கொடு, நான் அதைத் தருகிறேன். 1992இல் அமைந்த மத்திய உயிர்க்காட்சிசாலை ஆணையத்தின் அனுமதி அதற்கு வேண்டும். அருகிவரும் இனங்களுக்கு முதலிடம் என்று கொள்கையளவில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் கூண்டு என்பது வெறும் இடமல்ல. பதினைந்து இருபது வருஷத்துக்கான இறைச்சி, பராமரிக்கிற ஆள், மருத்துவர் எல்லாம் சேர்ந்ததுதான் கூண்டு. ஒன்றைச் சேர்ப்பதென்றால் இன்னொன்றுக்கு இடமில்லை என்று சொல்வதும்தான். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இல்லாத சிங்கவால் குரங்கும் வண்டலூரில் இருக்கிறது. அன்று அதன் முன்னால் எங்களோடு சேர்த்து ஐந்து பேர். டிக்கெட் கொடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்? (உடனே ஃபூக்கோவை இழுக்க வேண்டாம். பார்வையின் அதிகாரம் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம், தீவனச் செலவு பற்றித்தான் எழுதவில்லை.)

இப்போது மறுபக்கம். சண்டிகர் அருகே சத்பீர் காட்சிசாலையில் ஆசியச் சிங்கங்களோடு சர்க்கஸிலிருந்து வந்த ஆப்பிரிக்கச் சிங்கங்களைச் சேர்த்தார்கள். கலப்புக்குட்டிகள் பெருகின. நோய் வந்தது. 2000 வாக்கில் 'இவை தூய ஆசியச் சிங்கங்களல்ல' என்று இனப்பெருக்கத்தை நிறுத்தி, ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்து, இருப்பவை இருந்து முடியட்டும் என்று விட்டார்கள். அமெரிக்காவிலும் 1981இல் தொடங்கிய ஆசியச் சிங்கத் திட்டம் ஐந்து மூலவிலங்குகளில் இரண்டிடம் ஆப்பிரிக்க வம்சம் தெரிந்ததும் குலைந்துபோனது.

தகப்பனோடு மகளைச் சேர்த்துப் பெற்றது பெருமை. வெளியே கலந்தது அழிய வேண்டியது. அகமணத்தைப் பற்றி அம்பேத்கர் வழியாகக் கொஞ்சமேனும் யோசித்தவர்களுக்கு இது உறுத்தாமலிருக்காது. ஆனால் சாதியை அப்படியே சிங்கத்தின் மேல் ஏற்றிவிடவும் நான் தயாரில்லை. கிர் காட்டுக்கு என்றாவது திரும்பப்போகிற குட்டி என்றால், அந்த மண்ணில் உருவான வம்சத்தைக் காப்பதற்கு நியாயமுண்டு. கேள்வி வேறு. சாகும்வரை கூண்டிலேயே இருக்கப்போகும் விலங்குக்கு எதற்கு இந்த அளவுகோல்? அளவுகோல் அவசியமென்றால் வெள்ளைப்புலிக்கு ஏன் அது வைக்கப்படவில்லை?

கோடும் நிலையாக நிற்கவில்லை. 2017இல் பூனைக்குடும்ப வல்லுநர்கள் சிங்கத்தின் உள்ளினங்களைத் திருத்தி வகுத்தபோது, ஆசியா ஆப்பிரிக்கா என்கிற பழைய பிரிவினையைக் கைவிட்டார்கள். ஆசியச் சிங்கமும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஒரே உள்ளினமாயின. கிழக்கும் தெற்கும் மற்றொன்று. சத்பீரில் அறுவை முடிந்து அதற்குள் பல வருஷம் ஆகியிருந்தது.