ஒத்திகை நடந்தது, பாடம் எங்கே போயிற்று?

பயிற்சிப் பட்டறை முடியும் தறுவாயில் ஒரு தாள் நீட்டப்படும். 'பயிற்சி பயனுள்ளதாக இருந்ததா?' ஒன்று முதல் ஐந்து வரை வட்டமிட வேண்டும். வைத்தியசாலைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரியும் நம்மவர் பலருக்கு இது பழகிய சடங்கு. நான்கில் வட்டமிட்டுவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். பல்கலைக்கழகத்தில் கற்பித்த நாட்களில், தலையாட்டிக் கேட்ட மாணவரை நம்பியிருந்து, விடைத்தாள் திருத்தும்போது திகைத்த அனுபவம் எனக்குண்டு.

அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959இல் பயிற்சியை அளக்க நான்கு படிகளை வகுத்தார். பயின்றவர் திருப்தியுற்றாரா, விடயத்தை அறிந்துகொண்டாரா, வேலைத்தலத்தில் அவரது நடைமுறை மாறிற்றா, அதனால் விளைவேதும் உண்டாயிற்றா என்பன அவை. முதலிரண்டையும் அளப்பது இலகு. ஆதலால் நிறுவனங்கள் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகின்றன. பொதுச் சுகாதாரத்தில் நான்காம் படிக்குரிய பரீட்சையைக் கொள்ளைநோய்தான் நடத்துகிறது.

பிரித்தானியாவின் 'சிக்னஸ்' ஒத்திகையை எடுத்துக்கொள்வோம். 2016 ஒக்டோபரில் மூன்று நாட்கள் நடைபெற்ற அதில் 950க்கும் மேற்பட்டோர் பங்குபற்றினர். கொடிய இன்புளுவென்சா பரவி ஏழாவது வாரம் என்பது கற்பனை. 2017 யூலையில் எழுதப்பட்ட அறிக்கை ஒளிவுமறைவின்றிப் பேசியது: கடுமையான கொள்ளைநோயொன்றின் நெருக்கடியைத் தாங்க நாட்டின் ஆயத்தம் போதாது. 22 படிப்பினைகளை அது பட்டியலிட்டது. முதியோர் பராமரிப்புத் துறையின் கொள்ளளவு குறித்த கவலையும் அவற்றில் இருந்தது.

ஆயின் அவ்வறிக்கை அதிகாரபூர்வமாக வெளியிடப்பட்டது 2020 ஒக்டோபரில்! கொவிட்டின் முதல் அலை முதியோர் இல்லங்களைச் சூறையாடியபின், 2020 யூனில் கணக்குப் பார்த்தபோது, 22இல் 8 மட்டுமே நிறைவேறியிருந்தன. ஒத்திகையைப் பழிப்பது நியாயமன்று. இன்புளுவென்சாவை மட்டுமே எண்ணியது அதன் குறையெனினும், பலவீனத்தை அது சரியாகவே கண்டது. கண்டதைச் செய்து முடிக்கும் பொறுப்பு எவர் மேசையிலும் நிலைக்கவில்லை என்பதே என் எண்ணம்.

நைஜீரியாவின் கதை வேறு. 2014 யூலையில் விமானப் பயணியொருவர் மூலம் எபோலா லாகோஸ் நகரை அடைந்தது. போலியோ ஒழிப்புக்கெனப் பயின்று, அவ்வேலையிலேயே நாளும் தோய்ந்திருந்தவர்கள் உடனடியாக இதற்குத் திருப்பப்பட்டனர். தொடர்புற்ற ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்து, 18,000க்கும் அதிகமான தடவைகள் நேரிற் சென்று பார்த்தனர். நோயுற்றோர் 20 பேர். இறந்தோர் 8 பேர். 2014 ஒக்டோபர் 20இல் உலக சுகாதார நிறுவனம் அந்நாட்டை எபோலா அற்றதென அறிவித்தது.