கொழிஞ்சியின் வேரில் ஒரு செம்முடிச்சு

மேனாட்டுத் தோட்டங்களிலே விதைத்துப் பசுமையாகவே மண்ணில் மடக்கி உழும் ‘வெட்ச்’ என்னும் பயற்றினக் கொடியை நம் காஞ்சிபுரத்துக் கொல்லையிலும் வளர்க்கலாமா என்று செவிலிமேட்டு அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். குளிர்ச்சியை விரும்பும் அக்கொடி நம் வெயிலில் செழிப்பது அரிது. ஆனால் அதே குலத்தைச் சேர்ந்த கொழிஞ்சியோ, சம்பா அறுவடைக்குப்பின் ஏரி வற்றிக் காயும் ஒருபோக நிலத்திலும் கோடை தாங்கி நிற்பது. ஆடுமாடுகள் விரும்பி மேயாதது.

பசுந்தாளுரம் எதற்கென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. என் சிந்தையைக் கவர்ந்தது கொழிஞ்சியின் வேர்முடிச்சு. செடியை மண்ணோடு பெயர்த்து, முடிச்சொன்றை நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே சிவந்திருக்கும். அச்சிவப்பு நம் இரத்தத்தின் செந்நிறப் பொருளுக்கு நெருங்கிய உறவான புரதம் என்பதை 1939-இல் கூபோ என்னும் ஜப்பானிய விஞ்ஞானி வெளிப்படுத்தினார். முடிச்சில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்குச் சுவாசிக்கப் பிராணவாயு வேண்டும். அவை ஆகாயத்து நைட்ரஜனைப் பிடிக்கும் தொழிலுக்கோ அதே பிராணவாயு பரம விரோதி. அதைத் தன்னோடு பிணைத்து வைத்து, அளவறிந்து வழங்கி, இரண்டு காரியங்களையும் ஒருங்கே நடக்கச் செய்வது அச்செம்பொருளே. உடலுக்கும் கரைக்கும் வெவ்வேறு நாடா ஓட, நெய்பவரும் உதவியாளும் ஓரிழையும் பிசகாமல் இணைந்து நெய்யும் கோர்வைத் தறியருகே வளர்ந்த எனக்கு, செடி சர்க்கரையும் நுண்ணுயிர் நைட்ரஜனும் கொடுத்து வாங்கும் இக்கூட்டுத் தொழில் மிகவும் பரிச்சயமானதாகவே தோன்றுகிறது.

முடிச்சின் உட்புறம் வெளுத்திருந்தால் அங்கே வேலை நடக்கவில்லை என்று அறிக. யூரியாவை அள்ளிக் கொட்டிய நிலத்தில் செடி முடிச்சுகளையே அதிகம் உண்டாக்குவதில்லை. கேளாமலே கிடைப்பதற்கு அது ஏன் பாடுபட வேண்டும்? ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனியே வாரியம் அமைத்து, 10-ஆம் நூற்றாண்டிலேயே அதன் விதிகளைக் கோயிற் சுவரில் பொறித்த உத்திரமேரூர் நமக்கு அருகிலிருக்க, மண்ணுக்கு உணவூட்டும் இச்செடியைக் களையென்று எண்ணி மருந்தடித்துக் கொல்வது எனக்குப் பெரிதும் வேதனை தருகிறது.

விதையின் தோல் மெழுகு பூசியதுபோல் நீர் புகாதது. ஆதலால் மணலோடு சேர்த்து நன்றாகத் தேய்த்த பின்னரே விதைக்க வேண்டும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ போதும். பூவெடுக்கும் தருணத்தில் மடக்கி உழுதுவிடுங்கள். காய் முற்றவிட்டால் தண்டு நாராகி, சேர்த்த சத்தில் பெரும்பகுதி விதைக்குள் போய்விடும். கொல்லையோரத்தில் சில செடிகளை மட்டும் முற்றவிட்டால், மறுவருஷத்துக்கு விதை தேடி அலைய வேண்டியிராது.