சொந்தத்திலேயே சம்பந்தம், கறுத்தது புலி!

ஸ்ரீராம்புரத்திலிருந்து மெஜஸ்டிக் போய் பஸ் மாறி, ஹெப்பாள் தாண்டினால் விவசாயப் பல்கலைக்கழக வளாகம் வரும். அதற்குள்ளே இருக்கிறது தேசிய உயிரியல் விஞ்ஞான மையம். "கரும்புலி" ரகசியம் வெளிப்பட்ட இடம் அது.

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் சில புலிகளுக்குக் கோடுகள் அகன்று, ஒன்றோடொன்று சேர்ந்து, உடம்பே கறுத்துத் தெரியும். உமா ராமகிருஷ்ணன், வினய் சாகர் குழுவினர் இதை ஆராய்ந்து 2021-ல் முடிவை வெளியிட்டனர்.

ஒரே மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம்! தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அது வந்தால்தான் குட்டி கறுக்கும். வண்டலூர் மிருகக்காட்சி சாலையில் பிறந்த கரும்புலிகளுக்கும் சிமிலிபால் வம்ச உறவு உண்டு.

காரணம் என்ன?

சிமிலிபால் புலிகள் சிறு கூட்டம். மற்றக் காட்டுப் புலிகளோடு தொடர்பு இல்லை. சொந்தத்திலேயே ஜோடி சேர்ந்தன. நிறத்தோடு போனால் பரவாயில்லை. மறைந்திருக்கும் பிறவிக் குறைகளும் இதே வழியில் தலைதூக்கலாம் என்பதுதான் கவலை.

அசலில் பெண்

எனவே 2024 கடைசியில் மகாராஷ்டிரத்தின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரு பெண் புலிகளைக் கொண்டு வந்தார்கள். ஜீனத் புகுந்த வீட்டில் தங்கவில்லை! ஜார்க்கண்ட், மேற்கு வங்காளம் என்று அலைந்து, டிசம்பர் 29-ந் தேதி பாங்குராவில் பிடிபட்டு, சிமிலிபாலுக்கே திரும்பியது.

தீவில் தப்பிய வம்சம்

கங்காருவின் தம்பி போன்ற பிராணி வாலபி. தெற்கு ஆஸ்திரேலியப் பெருநிலத்தில் டாமர் வாலபி அற்றுப்போயிற்று. ஆனால் 19-ம் நூற்றாண்டில் கவர்னர் ஜார்ஜ் கிரே நியூசிலாந்தின் கவாவ் தீவுக்குக் கொண்டுபோனவை அங்கே பெருகியிருந்தன. மரபணு சோதித்து அதே வம்சம் என்று உறுதி செய்து, 2003-ல் சிலவற்றைத் தாயகம் அழைத்து வந்தார்கள்.

பிழைக்க வெளியே போன கூட்டமே வம்சத்தைக் காப்பாற்றித் தந்தது!